மீன் தின்ன வந்த ஆண்டவர்

சவுக்குமேட்டுக் குப்பம் என்ற பெயர் போய் இப்பி குப்பம் என்ற பெயர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எண்ணூர் பஸ்ஸின் கண்டக்டர்கூட "இப்பி ஸ்டாப்பு எறங்கு" என்றுதான் விசில் ஊதினார். மீன்கூடையோடு இறங்குகிற ஃப்ளோராவுக்கு ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வரும். மாதா கோயில் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரம் தள்ளுகிற ஜனம் இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு நேற்று வந்தவர்கள் பெயரிலா ஊர் என்று ஒருநாள் கண்டக்டரிடமே கேட்டாள். படியில் நிற்காதே என்றார் அவர்.

நேற்று வந்தவர்கள் குப்பத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்பில் ஓலைக்குடிசை போட்டிருந்தார்கள். நாலைந்து வெள்ளைக்கார ஹிப்பிகள், இரண்டு வடக்கத்திப் பையன்கள், பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு வந்ததாகப் பேசிக்கொள்ளப்பட்ட ஒரு மயிலாப்பூர் அம்மாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் அவளுக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். அடுப்பு மூட்டுவது உடம்புக்கு ஆகாது என்பது அவர்கள் கட்சி. முளைவிட்ட பயறு, கீரை, தேங்காய், எல்லாம் பச்சையாக. உப்பும் கிடையாது. கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு உப்பு வேண்டாம் என்கிறவர்களைக் குப்பம் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. காலையில் சூரியனைப் பார்த்துத் தலைகீழாக நிற்பார்கள். வியாழக்கிழமை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். விஷயம் தெரியாத ஃப்ளோரா ஒரு வியாழக்கிழமை வஞ்சிரம் எடுத்துக்கொண்டு போய், விலை சொல்லி, குறைத்துச் சொல்லி, இன்னும் குறைத்துச் சொல்லி, எதிரே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே இருக்க, தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினாள். மறுநாள் போனபோதுதான் அவர்கள் மீனே தொடுவதில்லை என்று கண்ணாடியம்மா சொன்னாள். அப்படியானால் புளியந்தோப்பில் குடியிருக்க வேண்டியதுதானே, கடல்கரையில் என்ன வேலை என்று ஃப்ளோரா கேட்டதற்கு, அலை கேட்க வந்தோம் என்று பதில் வந்தது. அலை கேட்டுக் கேட்டே தூக்கம் கெட்டவள் ஃப்ளோரா. கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

தூக்கம் கெட்டதற்கு அலை மட்டும் காரணம் இல்லை, புருஷன் அம்புரோஸும்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். நல்லவன், அதாவது பொழுது சாய்கிற வரைக்கும் நல்லவன். சர்க்கார் சாராயக் கடைகளைத் திறந்ததும் ரோட்டோரத்தில் தெற்கத்தி ஆள் உச்சிமாகாளியின் கடை வந்தது. அம்புரோஸ் அங்கே நுழைந்து வேறு ஆளாக வெளியே வருவான். குடித்துவிட்டு அடிக்கிற ஆள் இல்லை, புத்தி சொல்கிற ஆள். வீடு வீடாகப் போய் மாமியாரிடம் மருமகளைப் பற்றியும் மருமகளிடம் மாமியாரைப் பற்றியும் நியாயம் பேசிவிட்டு, யாருடைய கட்டுமரத்திலாவது படுத்துவிடுவான். விடிந்து மரம் தள்ளுவதற்குள் ஃப்ளோரா போய் அவனைப் புரட்டி இறக்க வேண்டும். அந்த வெட்கம் அவளுக்குப் பழகவே இல்லை.

ஆனால் தவக்காலம் நாற்பது நாளும் அவன் சொக்கத் தங்கம். பக்தி காரணம் இல்லை, வேஷம்தான் காரணம். ஆண்டவரின் சிலுவைப்பாடுகளைச் சொல்லும் குப்பத்துப் பாஸ்கா நாடகத்தில் வருஷா வருஷம் அம்புரோஸ்தான் சேசுநாதர். ஆண்டவர் வேஷம் கட்டுகிறவன் திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டர் விடியல் வரைக்கும் ஒரு சொட்டுத் தொடக்கூடாது என்பது ஊர்க் கட்டு. அந்த நாட்களில் அவன் நேரத்துக்கு வீட்டுக்கு வருவான், ஓலை மாற்றுவான், வசனம் பாடம் பண்ணிப் பண்ணி வீட்டிலும் அந்தத் தமிழே வாயில் வரும். "பெண்ணே, சோறு ஆயிற்றா" என்பான். ஃப்ளோரா வருஷம் பூராவும் அந்த நாற்பது நாளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அந்த நாற்பது நாளுக்குத்தான் அந்த வருஷம் உலை வைத்தார்கள். நாடகத்தை நடத்துகிற கோயில் உபதேசியார் செல்வநாதன் ஒருநாள் சாயந்திரம் கரையில் நடந்து போனபோது எதிரே சேசுநாதர் வந்தார். தோளில் புரளும் பொன்னிற முடி, தாடி, இடுப்பில் வெள்ளை வேட்டி, வெறுங்கால். உபதேசியார் மணலில் முட்டி போட்டுவிட்டார் என்றுகூட ஊரில் சொன்னார்கள். அவர் அதை மறுத்தார். வந்தது சவுக்குத் தோப்பு டேவிட். குப்பம் அவனைத் தாவீது என்று கூப்பிடும்.

அம்புரோஸுக்கோ தலையில் முடி கிடையாது. சணல் டோப்பா வைத்து, அது அரித்து, போன வருஷம் மலைப் பிரசங்கம் பூராவும் ஆண்டவர் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார். உபதேசியார் யோசிக்கவே இல்லை. நிஜத் தாடியே கிடைக்கிறபோது சணல் எதற்கு என்றார். கண்ணாடியம்மா மூலமாகக் கேட்டதும் தாவீது சம்மதித்தான். சேதி ராயபுரம் வரைக்கும் பரவி, இந்த வருஷம் கூட்டம் தாங்காது என்று ஊரே சந்தோஷப்பட்டது. அம்புரோஸுக்கு யூதாஸ் வேஷம் கொடுத்தார்கள். யூதாஸுக்கு விரதம் கிடையாது.

அம்புரோஸுக்கு முதலில் முகம் தொங்கிப்போனது. பிறகு விரதம் இல்லை என்பது உறைத்ததும் கொஞ்சம் நிமிர்ந்தது. யார் ஆண்டவராக இருந்தாலும் ஃப்ளோராவுக்கு ஒன்றுதான், அவளுடைய நாற்பது நாள் அவளுக்கு வேண்டும். இரவு பூரா புரண்டு படுத்தவளுக்கு விடிகிற நேரத்தில் வஞ்சிரம் ஞாபகம் வந்தது. எழுந்து நேராக உபதேசியார் வீட்டுக்குப் போனாள்.

மற்ற ஊர்களில் பாஸ்கா சிலுவையோடும் உயிர்ப்போடும் முடிந்துவிடும். மீன்பிடிக்கிற ஊரில் அப்படி முடியாது. ஈஸ்டர் விடியலில் உயிர்த்த ஆண்டவர் கரைக்கு வந்து, சீடர்கள் சுட்டு வைத்த மீனை முள் மட்டும் மிஞ்சும்படி தின்ன வேண்டும். அதன் பிறகுதான் கட்டுமரம் கடலில் இறங்கும், வீடுகளில் மீன்சட்டி ஏறும். ஒரு வருஷம் பல்வலியால் அம்புரோஸ் பாதி மீனோடு எழுந்துவிட்டான். அந்த வருஷம் மீன்பாடும் பாதிதான் என்று இன்றைக்கும் கட்டுமரங்களின் சொந்தக்காரரான சம்மாட்டி லூயிஸ் அவனைக் குறை சொல்வார்.

"ஐயா, அவன் மீன் துன்ன மாட்டான்" என்றாள் ஃப்ளோரா. "பயிரு துன்றவன் ஐயா அவன். நம்ப ஆண்டவரு பயிரு துன்னா கடல்ல இன்னா கெடைக்கும்?"

உபதேசியாருக்கு வியர்த்துவிட்டது. லூயிஸையும் கூட்டிக்கொண்டு மூவருமாகத் தோப்புக்குப் போனார்கள். நல்லவேளை வியாழக்கிழமை இல்லை. தாவீது கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னதைக் கண்ணாடியம்மா தமிழில் சொன்னாள். சிலுவையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொங்குவானாம். சாட்டையடியும் சம்மதமாம். மீன் மட்டும் முடியாதாம். வேண்டுமென்றால் அந்த மீனைக் கையில் வாங்கி, முத்தம் கொடுத்து, திரும்பக் கடலில் விட்டுவிடுவானாம். அது சுட்ட மீன் என்றார் உபதேசியார். அப்படியானால் உயிர்மீனாகக் கொடுங்கள் என்றான் தாவீது.

பிடித்த மீனைக் கடலுக்குத் திருப்பிக் கொடுக்கிற ஆண்டவர். லூயிஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். இவன் ஆண்டவரானால் ஊர் பிச்சை எடுக்க வேண்டியதுதான் என்று அங்கேயே கத்தினார். வெள்ளைக்கார சேசுநாதர் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதே என்று உபதேசியார் தலையில் கை வைத்தார். கடைசியில் பங்குச் சாமியாரிடம் போனார்கள். சாமியார் சிரித்துவிட்டு, உயிர்த்த ஆண்டவரை அவருடைய சொந்தச் சீடர்களுக்கே அடையாளம் தெரியவில்லை, மதலேன் மரியாள் தோட்டக்காரன் என்று நினைத்தாள், அதனால் பெரிய வெள்ளிக்குத் தாவீது சாகட்டும், ஞாயிற்றுக்கிழமை அம்புரோஸ் உயிர்க்கட்டும், வேதத்துக்கு விரோதம் ஒன்றும் இல்லை என்றார்.

பாதி ஆண்டவருக்குப் பாதி விரதம் போதுமா என்று அம்புரோஸ் கேட்டான். முழு விரதம்தான் என்று சொல்லி, யூதாஸ் வேஷத்தையும் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார் உபதேசியார். ஃப்ளோரா மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

நாற்பது நாள் கிடைத்தது. ஆனால் பழைய நாற்பது நாள் இல்லை. அம்புரோஸ் குடிக்கவில்லை, ஆனால் பெண்ணே என்று கூப்பிடவும் இல்லை. வசனம் எல்லாம் தாவீதுக்குப் போய்விட்டது. கண்ணாடியம்மா அதை எழுதிச் சொல்லிக்கொடுக்க, அவன் வாயில் ஒவ்வொரு சொல்லும் வெந்தும் வேகாமலும் வந்தது. ஊர் அதையே அதிசயமாகக் கேட்டது. "எனுக்கு துன்றது மட்டுந்தான் வேல" என்று அம்புரோஸ் சுவரைப் பார்த்துச் சொன்னான். ஃப்ளோராவுக்குப் பாவமாக இருந்தது.

பெரிய வெள்ளியன்று ராயபுரம், வியாசர்பாடியிலிருந்தெல்லாம் ஜனம் வந்து குவிந்தது. சிலுவையில் தாவீதைப் பார்த்துப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவன் சாக வேண்டிய இடத்தில் சாகவில்லை. கண்ணை மூடித் தியானத்தில் போய்விட்டான், முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். சிலுவைக்குப் பின்னால் ஒளிந்திருந்த உபதேசியார் "தலையைத் தொங்கப் போடுய்யா" என்று கெஞ்சுவது முன்வரிசைக்குக் கேட்டது. கடைசியில் உயிரோடு இருக்கும்போதே இறக்கி, உயிரோடு அடக்கம் பண்ணினார்கள். அப்படியும் ஜனம் அழுதது.

ஞாயிறு விடியலில் கூட்டம் குறைவுதான், குப்பத்து ஜனமும் ரோட்டோரத்துக் கடைக்காரர்களும். கல்லறைத் தட்டியைத் தள்ளிக்கொண்டு வெள்ளை அங்கியில் அம்புரோஸ் வந்தான். டோப்பா வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தான். ஆறடி வெள்ளைக்காரனை அடக்கம் பண்ணின இடத்திலிருந்து, கறுத்து, குட்டையாக, வழுக்கையில் வெயில் பட்டுப் பளபளக்க ஒருவன் எழுந்து வந்ததும் ஜனத்துக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை.

"இன்னாப்பா, ரெண்டு நாள்ல ஆண்டவரு இப்பிடி சுருங்கிட்டாரு" என்றது ஒரு குரல்.

கரையே சிரித்தது. மதலேன் மரியாள் வேஷம் கட்டிய மனோகரன் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினான். அம்புரோஸ் ஆசி கொடுக்கத் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் ஃப்ளோராவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. குடித்துவிட்டு விழுந்து கிடந்தபோது ஊர் சிரித்தால் சரி, நாற்பது நாள் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து என்ன சிரிப்பு? கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் மணலில் முட்டி போட்டாள்.

"ஆண்டவரே" என்றாள் உரக்க.

சிரிப்பு நின்றது. சிரிப்பை நிறுத்தத்தான் அவள் போனாள். முட்டி போட்ட பிறகுதான், இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வாழ்நாளில் வராது என்று தோன்றியது.

"என் வூட்டுக்காரன் அம்புரோஸு குடிய வுடணும் ஆண்டவரே. நாப்பது நாளு இல்ல, வருசம் பூரா வுடணும். நீதான் வரம் குடுக்கணும்."

அம்புரோஸ் உபதேசியாரைப் பார்த்தான். உபதேசியார் கடலைப் பார்த்தார். நாடகத்தில் இப்படி ஒரு இடமே இல்லை. அங்கி போட்டுக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு, ஊரே பார்க்க, முடியாது என்று எந்த ஆண்டவர் சொல்வார்?

"சரி மே" என்றான் அம்புரோஸ். "குட்த்துட்டேன். எய்ந்திரு."

அடுத்த நிமிஷம் குப்பத்துக் கிழவி சிலுவையம்மாள் வந்து முட்டி போட்டாள். அவளுக்கு முட்டிவலி போக வேண்டும். லூயிஸ் கட்டுமரம் நிறைய மீன் கேட்டார். மகளுக்கு மாப்பிள்ளை, மகனுக்குத் துறைமுகத்தில் வேலை என்று வரிசை நீண்டது. கோயில் பக்கமே வராத சாராயக் கடை உச்சிமாகாளியின் பெண்டாட்டி ஆவுடையம்மாளும் வந்து, கல்யாணமாகி இத்தனை வருஷமாகப் பிள்ளை இல்லை சாமி என்று மணலில் விழுந்தாள். அம்புரோஸ் ஒருவரையும் விடவில்லை. தலை தலையாகத் தொட்டு, குட்த்துட்டேன் குட்த்துட்டேன் என்றான். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து, ஆறிப்போன மீனை முள் மட்டும் மிஞ்சத் தின்றான். மரங்கள் கடலில் இறங்கின.

சாயந்திரம் அவன் சட்டையை மாட்டியதும் ஃப்ளோரா எழுந்து வாசலுக்கு வந்தாள். காலையில் என்ன சொன்னாய் என்று கேட்டாள். சொன்னது ஆண்டவர், நான் என்னத்தைச் சொன்னேன் என்று கேட்டுவிட்டு அவன் ரோட்டைப் பார்த்து நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். எப்படியும் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டும்.

கடை வாசலில் உச்சிமாகாளி எழுந்து நின்று அவனைக் கும்பிட்டார். ஆனால் ஊற்றவில்லை.

"என் வீட்டுக்காரிக்குப் புள்ள வரம் குடுத்திருக்கிய அண்ணாச்சி" என்றார். "ஒங்க வீட்டம்மாவுக்குக் குடுத்த வரம் பொய்யாப் போச்சுன்னா எங்களுக்குக் குடுத்தது மட்டும் எப்படிப் பலிக்கும்? வீட்டுக்குப் போங்க."

அது வேஷம் என்று அம்புரோஸ் சொல்லிப் பார்த்தான். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த லூயிஸ், அன்றைக்கு மரம் நிறைய மீன் வந்த சந்தோஷத்தில் இருந்தவர், தன் டம்ளரை அவன் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவன் மகனுக்கு வேலை கேட்டவன். அவன் எழுந்து வந்து, மரியாதையாகத் தோளைப் பிடித்து, ஆண்டவரைத் திருப்பி ரோட்டில் விட்டான். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் எந்தக் கடைக்குப் போனாலும் வரம் வாங்கினவனோ அந்தச் சேதி கேட்டவனோ எவனாவது ஒருவன் இருப்பான் என்பது அம்புரோஸுக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

இருவரும் திரும்பி நடந்தார்கள்.

"அந்தத் தாவீது ஒரே ஒரு மீனு துன்னிருந்தா எனுக்கு இந்தக் கதி வந்திருக்குமா மே" என்றான்.

வந்திருக்காது என்று ஃப்ளோராவும் ஒப்புக்கொண்டாள்.