பட்டன் மட்டும்தான் பாக்கி

எங்கள் தெரு டெய்லருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ‘நாளைக்கு மாஸ்டர்’ என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். துணி கொடுத்தவர் எப்போது வந்து நின்றாலும், “பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். கை என்னவோ தங்கமான கைதான். அந்த வாய்தான் இப்படி.

கடை திறந்திருந்தால் வருகிறவர்களிடம் கதையளந்தே பொழுது போய்விடுகிறது என்று போன மாதம் புருஷனும் பெண்டாட்டியுமாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். காலையில் மனைவி அவரை உள்ளே அனுப்பி, ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டிவிடுவாள். கைப்பேசியும் அவளிடம். சாயங்காலம்தான் திறப்பு. உள்ளே ஒரு மின்விசிறி, ஒரு குழல்விளக்கு, கம்பி போட்ட ஜன்னல், கழிவறை. யோசனை மாஸ்டருடையதேதான். “கெட்ட பழக்கத்த விடணும்னா நம்மள நாமே கட்டிப்போட்டுக்கணும்” என்று தெருவெல்லாம் பெருமையடித்தார். கட்ட வேண்டியது வாயை அல்லவா என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமையும் கடை பூட்டித்தான் இருந்தது. மறுநாள் மாஸ்டரின் மனைவிக்கு ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலை. பதினாலு வருஷம் இவருக்கு ஓரம் மடித்துக் கொடுத்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. சாம்பல் நிறத் துணியைக் கொடுத்து, கோட்டுப் போடாமல் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். துணி வந்து மூன்று வாரம்.

மாஸ்டர் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். கோட்டுத் துணி பொட்டலம் பிரிக்காமல் அவர் ஸ்டூலின் மேல் இருந்தது. அதன்மேல் அவர் இருந்தார். உட்கார மெத்தென்று இருக்கிறதே என்று முதல் நாள் போட்டது, அப்படியே நிலைத்துவிட்டது.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். மாஸ்டர் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

“உள்ள மிஷின் சத்தம் கேட்டுச்சே, எலியாம்மா தைக்குது?” வாத்தியாரின் குரல். மூன்று மாதமாகப் பேன்ட்டுக்கு நடப்பவர்.

“கடை லீவு சார்.” இது மனைவி.

“நாளைக்கு வேலைக்குப் போறீங்களாமே? கோட்டு ஆச்சா?”

“வெட்டித் தச்சாச்சு சார். பட்டன் மட்டும்தான் பாக்கி.”

வாத்தியார் சிரித்த சிரிப்பில் ஷட்டரே அதிர்ந்தது. “இந்தப் பாட்டத்தான் நானும் மூணு மாசமா கேக்குறேன்!”

“உங்ககிட்ட சொல்லுவாரு சார். என்கிட்ட அப்படிப் பொய் சொல்லமாட்டாரு.”

மாஸ்டர் ஸ்டூலை விட்டு எழுந்தார். பொட்டலத்தை உருவிப் பிரித்தார். கத்தரிக்கோலை எடுத்தார். அளவு நோட்டைப் புரட்டினார். தெருவில் இருக்கும் அத்தனை பேரின் தோளும் இடுப்பும் அதில் இருந்தன, மனைவியுடையதைத் தவிர. ‘உன் அளவு எனக்குத் தெரியாதா’ என்று சொல்லியே காலத்தை ஓட்டியாயிற்று. இப்போது கண்ணை மூடிப் பார்த்தால் முகம் வருகிறது, தோள் வரமாட்டேன் என்கிறது. உத்தேசமாக வெட்டினால் துணி பாழ். கேட்டால் குட்டு உடையும். கேட்கவும் முடியவில்லை, ஓடவும் வழியில்லை. அந்தச் சின்ன அறையில் எட்டு முறை நடந்தார்.

வாத்தியார் போன சத்தம் கேட்டதும் தரையில் குப்புறப் படுத்தார். ஷட்டருக்கடியில் தரை பள்ளமாகி நாலு விரல் சந்து இருந்தது. மனைவியின் செருப்பு தெரிந்தது.

“ஏம்மா...”

“என்னங்க, தண்ணி வேணுமா?”

வாய் வழக்கம்போலத் திறந்து வழக்கமான சொல்லையே தேடியது. மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“உன் கோட்ட நான் இன்னும் வெட்டவே இல்ல. அளவும் என்கிட்ட இல்ல.”

செருப்பு சந்துக்குப் பக்கத்தில் வந்தது.

“மூணு வாரமா என்ன பண்ணீங்க?”

“அது மேலதான் உக்காந்திருந்தேன்.”

அந்தச் சந்துக்குள் ஒரு கை நீண்டது. “டேப்பக் குடுங்க.”

கொடுத்தார். தெருவே வேடிக்கை பார்க்க, அவள் தன் தோளைத் தானே அளந்து சொல்லச் சொல்ல, உள்ளே தரையில் கிடந்தபடி சாக்கட்டியால் எழுதிக்கொண்டார். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்த எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பூட்டை மட்டும் அவள் திறக்கவில்லை.

“தொறந்துதான் விடேன்! ஓடியா போயிடுவேன்?”

“ஓடமாட்டீங்க. பேசிட்டு நிப்பீங்க.”

அன்று அந்த மிஷின் ஓடிய வேகத்தில் எதிர்வீட்டுக் குழந்தைக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று. பொழுது சாயும் நேரம் சத்தம் நின்றது. செருப்பு திரும்ப வந்து நின்றது.

“ஆச்சா?”

“ஆச்சு. பட்டன் மட்டும்தான் பாக்கி” என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. “சத்தியமா! இந்தத் தடவ நெசமாவே பட்டன்தான்!”

“காட்டுங்க.”

கோட்டை மடித்துச் சந்து வழியாகத் தள்ளினார். அவள் தையலைத் தடவிப் பார்த்தாள், பட்டன் நுழையும் காஜாக்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். போட்டும் பார்த்தாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது.

“ஊசியும் பட்டனும் தள்ளுங்க. நான் தச்சுக்கறேன்.”

“அப்போ பூட்டு?”

அவள் படியில் உட்கார்ந்து நூலைக் கோத்தாள். “வாத்தியாருக்கு என்ன சொல்லட்டும்?”

மாஸ்டர் வாத்தியாரின் துணியைத் தேடி எடுத்தார். அதுவும் பொட்டலமாகத்தான் இருந்தது.

“வெட்டலன்னு சொல்லு” என்றார். “புதன்கிழமைன்னு சொல்லு.”

“எந்தப் புதன்?”

உள்ளேயிருந்து கத்தரிக்கோல் சத்தம் மட்டும் வந்தது.