ரோட்ஸ் நகரத்தின் முழங்கால்

எனக்குப் பயந்த சுபாவம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வங்காளத்தில் நாங்கள் இருக்கிற டாலிகஞ்சின் துர்க்கை பூஜா கமிட்டிக்கு எந்தப் புண்ணியவான் அந்த யோசனையைச் சொன்னானோ! இந்த வருஷப் பந்தலின் ஜோடனை, மத்தியதரைக்கடல் தீவான ரோட்ஸின் பழைய துறைமுகத் தலைநகரம். வாசலில் நாற்பதடி வெண்கல ராட்சசன். வெண்கலமாவது ஒன்றாவது, மூங்கிலும் களிமண்ணும் தங்க வர்ணமும்தான். அவன் கால்களுக்கு நடுவே நுழைந்துதான் துர்க்கையைப் பார்க்க வேண்டும். நிஜச் சிலை அப்படிக் காலை விரித்து நிற்கவே இல்லையாம். என் பெண் மதுவந்தி சொன்னாள். கமிட்டி கேட்டால்தானே!

அவள் சரித்திரம் படிக்கிறாள், தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். கால்களைத் தாண்டி உள்ளே ஒரு மேடை போட்டு, வருகிறவர்களுக்குக் கதை சொல்ல அவள் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று ஊர்க்காரர்கள் சேர்ந்து தீவின் முனையில் அந்தத் தலைநகரைக் கட்டினார்கள். அவர்கள் கடல் சட்டத்தை மற்ற நாட்டாரும் மதித்தார்கள். ஒரு வருஷ முற்றுகைக்கும் பணியவில்லை. எதிரி விட்டுப்போன தளவாடங்களை விற்றுச் சூரியதேவனுக்குச் சிலை வைத்தார்கள். ஐம்பது அறுபது வருஷத்தில் பூகம்பம் வந்து அது முழங்காலில் முறிந்து விழுந்தது. நாலு நாளாகக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

அஷ்டமி மத்தியானம் அவளுக்குத் தயிர்சாதம் கொண்டு போனேன். காலை மழையில் களிமண் ஊறிக் கனத்திருந்தது. அண்ணாந்து பார்த்தால், ராட்சசனின் இடது முழங்காலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. உள்ளே மூங்கில் கிரீச்சிட்டது.

செயலாளர் தாஸ் பாபுவிடம் ஓடினேன். "சிந்தா கோர்பேன் நா, பௌதி," என்றார். அண்ணி கவலைப்படக்கூடாதாம்! கட்டையில் போக!

மேடைக்கு ஓடினேன். "வாடி வெளியே. முழங்கால் முறியறது."

மதுவந்தி நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. மைக்கை மூடிக்கொண்டு, "கத்தாதேம்மா. தெரிஞ்சா எல்லாரும் முட்டிமோதி ஓடுவா. குழந்தைகள் நசுங்கிடும்," என்றாள்.

"யார் குழந்தையோ எனக்கென்னடி? நீ என் குழந்தை!"

"நீ வாசலுக்குப் போய்க் கியூவை ரோட்டுக்குத் தள்ளு. இவாளை நான் பின்வழியா அனுப்பறேன். ப்ளீஸ்மா, ஜல்தி!"

பெற்றவளுக்கு இப்படி ஒரு உத்தரவு. அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போனேன்.

வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, உள்ளே நாடகம் நடக்கப்போகிறது, பின்னால் போங்கள் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி, ஆட்களை ரோட்டைத் தாண்டித் தள்ளினேன். திரும்பிப் பார்த்தால் முன்னால் வந்துவிடுவார்கள். அதனால் என் பெண்ணை முதுகால்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரோட்ஸ் மக்களே, எதிரிக் கப்பல் வருகிறது! குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்மதில் பக்கம் நடங்கள். ஓடுகிறவர்கள் கோழைகள்!" மைக்கில் வங்காளத்தில் சொல்கிறாள். ஜனங்கள் சிரித்துக்கொண்டே நடக்கிறார்கள். நீயும் போடி, நீயும் போயேன்டி என்று எனக்குள் கதறினேன்.

மடமடவென்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. புழுதி என் தலைமேல் வந்து இறங்கியது. மைக் நின்றுவிட்டது.

எதிரே எல்லோரும் அலறினார்கள். இனி யாரையும் தடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எனக்குக் கழுத்துத் திரும்பவில்லை. பெருமாளே, பெருமாளே என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"ரோட்ஸ் மக்கள் எல்லோரும் பத்திரம்," என்றது வங்காளத்தில். பிறகு தமிழில், நடுங்கும் குரலில், "அம்மா, நானும்தான்."

அஷ்டமிக் கூட்டம் பூராவும் பார்க்க, நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.