கூனியின் கண்

2006-இல் என் ஆராய்ச்சி முழுக்க ஒரே ஒரு பூச்சியை நம்பி இருந்தது. கூனி என்கிற பொடி இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், அரிசி அளவு. அந்தமான் பக்கம் ஒரு கடலடிக் குகையில் முக்குளித்து அதைப் பிடித்து எனக்குக் கொடுத்தவர் பிள்ளைச்சாவடி மீனவர் அம்மாவாசை. எனக்கு நீச்சலே தெரியாது. ஆல்கஹால் சீசாவில் வெளுத்துப்போய் வந்ததை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, காலையும் கொம்பையும் எண்ணி இரண்டு வருடம் வரைந்தேன்.

கண் மட்டும் இல்லை. இருட்டுக் குகையில் கண் எதற்கு என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். இதே ஜாடையில் கண்ணுள்ள இனம் ஒன்று ஏற்கெனவே பதிவாகியிருந்தது. கண் இல்லை என்பதால்தான் என்னுடையது புது இனம். பிடித்தவர் பெயரை வைப்பதும் எங்களில் வழக்கம் என்பதால், அம்மாவாசையின் பெயரையே வைத்தேன். மனுஷன் தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

கட்டுரையை அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு படத்தைக் காட்டப் போனேன். வலையை ஒதுக்கிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"கண்ண எங்கம்மா காணோம்?"

"இதுக்குக் கண்ணு கெடையாதுண்ணா."

"டார்ச் அடிச்சப்ப செவப்பா ரெண்டு மின்னுச்சே."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பயமும்தான். "கண்ணு இருந்தா இது பழைய இனம்ணா. உங்க பேரு வராது."

அவர் வலையை மறுபடி மடிமேல் இழுத்துக்கொண்டார். பிறகு, "தண்ணி கலங்கலா இருந்துச்சி, சரியாத் தெரிலன்னு வெச்சிக்கம்மா" என்றார்.

நான் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். மூலக்குளத்தில் வீடு வந்து சேரும்வரை சந்தோஷமாக இருந்தது. சோற்றில் கை வைத்தபோதுதான் வெட்கமாகிவிட்டது.

மறுநாள் காலை சீசாவைத் திறந்தேன். விளக்கைத் தணித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டேன். தலையின் இருபுறமும் வட்டமாக, ஈயின் கண்ணில் இருப்பதுபோல் சின்னச் சின்னக் கட்டங்கள். கண்தான். சிவப்பை ஆல்கஹால் உறிஞ்சிவிட்டிருந்தது. ஆய்வுக்கூடம் என்றும் பார்க்காமல் அழுதேன்.

பழைய இனம், புது இடம் என்று இரண்டு பக்கக் குறிப்பாகச் சுருங்கியது கட்டுரை. அதில் ஒரு வரி: உயிரோடு இருக்கையில் கண்கள் சிவப்பு, நேரில் கண்டவர் அம்மாவாசை.

அச்சானதும் எடுத்துப்போய் அந்த வரியைக் காட்டினேன். "மன்னிச்சிடுங்கண்ணா, அதுக்கு உங்க பேரு வைக்க முடியல."

அவர் வரியைப் பார்க்கவில்லை. நான் திருத்தி வரைந்த படத்தில் இரண்டு கண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இப்பதாம்மா இது நான் புடிச்சது."