ஒன்பது இன்ச் சுவர்

தொட்டித் தண்ணீரில் போட்டதும் செங்கல் குபுகுபுவென்று குமிழி விட்டது. குமிழி அடங்கிய கல்லை எடுத்து அவள் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கொத்தனார் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் வாளியில் உட்கார்ந்து, நூல் சுற்றிய முளையைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சு சமனாகட்டும் என்று காத்திருந்தார். முளையை எங்கே அடிப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.

"இப்படியே உட்கார்ந்திருந்தா கல்லு தானா எழுந்து நிக்குமா?" என்றாள்.

"நிக்கும். நான் சொன்னா கல்லு நிக்கும். நீதான் நிக்க மாட்டே."

அது இரட்டை வீடு. கம்பெனி கட்டித் தன் ஆட்களுக்கே தவணையில் விற்றது. நடுவில் ஒரே சுவர். அதற்கு இந்தப் பக்கம் கொத்தனாரும் அவர் மனைவியும், அந்தப் பக்கம் சூப்பர்வைசர் குடும்பம். கொத்தனாருக்குக் கல் வைக்கும் வேலையையும் அவளுக்குக் கலவை சுமக்கும் வேலையையும் நாள்தோறும் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். இரண்டு வீட்டிலும் படுக்கையறை மாடியில் இருந்தது. தண்ணீர் விட்டு அறுத்தால் நேரமாகிறது என்று சைட்டில் சொல்லிவிட்டதால் கொத்தனார் பல வருடம் உலர்ந்த கல்லையே மெஷினில் அறுத்தார். அந்தத் தூசி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இப்போது மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். சமையலறைத் தரையில்தான் படுக்கை. பின்பக்கம் கீழேயே ஓர் அறை இழுத்தால்தான் இனி அவருக்குக் கட்டில்.

முந்தின நாள் சாயங்காலம் இருவரும் சூப்பர்வைசர் வாசலில் போய் நின்றார்கள். சுவரை எல்லைக்கோட்டின் மேலேயே வைத்தால் அதன் கனத்தில் பாதி அந்தப் பக்கம் போகும், இவர்களுடைய அறை அந்த அளவுக்கு அகலமாகும். கல்லும் சிமென்ட்டும் வேலையும் தன்னுடையவை என்றார் கொத்தனார்.

"நாளைக்கு நீங்க கட்டினாலும் இதே சுவர் ஆகும் சார்."

"ஆகும்ப்பா, நான் இல்லேங்கலை. ஆனா வீட்டை விக்கணும்னு வந்தா, அடுத்தவன் சுவர் என் மண்ணுல நிக்குதுன்னு வாங்குறவன் மூஞ்சியைச் சுளிப்பான். உன் மண்ணுல நீ கட்டிக்க, யார் கேக்கப்போறா? கட்டுறப்ப என் பக்கம் கால் வெச்சிடாதீங்க, என்ன? புல்லு போட்டிருக்கு."

ஆக, சுவர் தங்கள் மண்ணில்தான். எவ்வளவு கனத்தில் என்பதுதான் காலையிலிருந்து பேச்சு.

"நாலரை இன்ச்சா வைங்க," என்றாள் அவள். "கட்டில் போட்டா பக்கத்துல நான் நிக்க இடம் வேணும். மூச்சு முட்டுறப்ப உங்களைத் தூக்கி உட்கார வைக்கணும்னா கூரையில தொங்கிட்டா தூக்குவேன்?"

"நாலரை இன்ச் கூரையைத் தாங்காது. ஒன்பது வேணும்."

"தூண் வெச்சா தாங்கும். எத்தனை வீட்டுக்குக் கலவை சுமந்திருக்கேன், எனக்கே கதை சொல்றீங்களா?"

"தூண் உள்ளே துருத்திட்டு நிக்கும். உன் இடத்தை அது பிடிச்சுக்கும்."

"மூலையில நிக்கட்டும். நான் ஒண்ணும் அதைக் கட்டிப் பிடிக்கப் போறதில்லை."

அவர் நூலை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"இந்தா, ஊருக்கெல்லாம் முழுச்சுவர் வெச்சுக் கொடுத்தவன் நான். எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வைக்கிறேன். அதையும் தட்டி மாதிரி நிறுத்திவெச்சா நம்ம ஆளுங்க பார்த்துட்டு என்ன சொல்வானுங்க?"

"நீங்க படுக்கறதுக்கா கட்டுறீங்க, அவனுங்க பார்க்கறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருமல் குறுக்கிடவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அப்படி ஒரு குரலைக் கேட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சுத்தியலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அடிங்க. நான் மெலிஞ்சுக்கிறேன்."

விடுமுறை நாட்களில் மட்டும்தான் வேலை நடந்தது. கூட வேலை செய்யும் நெட்டை ஒத்தாசைக்கு வந்தான். அவனும் கொத்தனார்தான். அஸ்திவாரக் குழியை அவன் ஒருவனே தோண்டினான். கல் வைக்க மட்டும் யாரையும் அவர் விடவில்லை. சாந்து பரப்பி, கல்லை அழுத்தி, கரண்டிப் பிடியால் ஒரு தட்டுத் தட்டி, பிதுங்கிய சாந்தை வழித்து அடுத்த கல்லின் தலையில் பூசுவார். நாலு கல்லுக்கு ஒருமுறை வாளியில் உட்காருவார். உட்கார்ந்தபடியே ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்ப்பார். கண்ணாலேயே மட்டம் பிடிக்கிறவர் என்பதால் சைட்டில் அவரை ‘ரசமட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ரசமட்டம் அண்ணே, உங்களுக்கு மூச்சு வாங்குது, சுவருக்கு வாங்கலை பாருங்க," என்றான் நெட்டை.

"சுவரை வைக்கிறவன் மூச்சு சுவருக்குள்ள போயிடுதுடா. உன் சுவருங்க அதான் பொதபொதன்னு நிக்குது. உனக்கு மூச்சு மிச்சம் இருக்கு."

சுவர் முழங்கால் உயரம் வந்தபோது, கலவைச் சட்டியை இறக்கி வைத்த அவள் நின்று பார்த்தாள். செங்கற்கள் எல்லாம் ஒரே நீளம் இருப்பதில்லை. ஒன்பது இன்ச் சுவரில் நூல் கட்டிய பக்கம்தான் வழவழவென்று ஒரே மட்டமாக வரும். மறுபக்கம் மேடும் பள்ளமுமாகத்தான் நிற்கும்.

"என்னங்க, நூலை எந்தப் பக்கம் கட்டியிருக்கீங்க?"

அவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார். நூல் சூப்பர்வைசர் வீட்டைப் பார்த்த பக்கம் விறைப்பாக நின்றது. பளிங்கு போன்ற முகம் அந்தப் பக்கம், கரடு இந்தப் பக்கம். பார்த்துக்கொண்டே இருந்தவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வந்து, அவள் முதுகைத் தடவிவிட்ட பிறகுதான் பேச முடிந்தது.

"கை அப்படிப் பழகிடுச்சு. இத்தனை வருஷமா நான் நின்ன பக்கம் கரடு, வீட்டுக்காரன் பார்க்கிற பக்கம் முகம். என் வீடுன்னு கைக்குத் தெரியலை."

"இடிச்சுட்டு மாத்திடலாம் அண்ணே, ஒரு நாள் வேலைதான்," என்றான் நெட்டை.

"வெச்ச கல்லை எடுக்கறதா? நான் வெச்சதை எவனும் இதுவரைக்கும் எடுத்ததில்லை. நானே எடுக்கணுமா?"

"அப்ப நம்ம பக்கம் பூசிடலாம்."

"கரட்டு மேல பூசினா தடிமனாப் பூசணும். ஏற்கெனவே உங்க அக்காவை மெலியச் சொல்லியிருக்கேன்."

பூசவில்லை. மேலே போகப் போக, புல்லில் கால் வைக்க முடியாததால், சாரத்தில் நின்று சுவரின் மேல் வயிற்றைக் கொடுத்துக் கவிழ்ந்து அந்தப் பக்கத்துச் சாந்தைக் கரண்டி நுனியால் கோடு இழுத்துவிட்டார். அவள் பின்னாலிருந்து அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுடாதடி."

"விட்டா புல்லு பாழாயிடும்னு சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு. அதுக்காகவாவது பிடிச்சுக்கிறேன்."

கூரை போட்ட அன்றைக்கு ஆட்கள் வந்தார்கள். கொத்தனார் கட்டிலில் சாய்ந்துகொண்டு, சுவரின் மேலிருந்து அந்தப் பக்கத்து முகத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் செங்குத்து பார்க்கச் சொன்னார். உச்சியிலிருந்து தரை வரைக்கும் கயிறும் சுவரும் பிரியவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரட்டுப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். தொழிலாளிகளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

குளிர் தொடங்குவதற்குள் அவர் போய்விட்டார். கடைசி நாட்களில் அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் நுழைந்து, சுவரில் முதுகைக் கொடுத்து, அவர் அக்குளில் கை நுழைத்துத் தூக்கி உட்கார வைப்பாள். கல்லின் முனைகள் ரவிக்கையில் உராய்ந்து நூல் பிரிந்தது.

"பூசியிருக்கலாமோ?" என்று ஒருமுறை கேட்டார்.

"பூசியிருந்தா நான் நுழைஞ்சிருக்கவே மாட்டேன். பேசாம மூச்சு விடுங்க."

அடுத்த வருடம் ஒரு விடுமுறை நாள் காலையில், அந்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் உளி விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். புல்தரையைக் கொத்திப் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாரத்தின் மேல் நெட்டை. கீழே இரண்டு பேர் உத்தரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாம்மா, சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றார் சூப்பர்வைசர். "நானும் ஒரு ரூம் இழுக்கறேன். உன் சுவர்ல ஓட்டை போட்டு நாலு உத்தரம் ஊனிக்கிறேன், அவ்வளவுதான். இந்தப் பக்கம் பூசவே வேண்டாம்னு இன்ஜினியர் சொல்லிட்டார். அவ்வளவு லட்சணமா இருக்கு."

"அவர் வந்து கேட்டப்ப நீங்க..."

"அன்னிக்கு அவன் என் மண்ணைக் கேட்டான். நான் உன் மண்ணையா கேக்கறேன்? தனியா ஒரு சுவர் வெச்சா என் ரூம் குறுகிடும்மா." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புது சைட் ஆரம்பிக்குது. ஆள் கம்மியாத்தான் எடுக்கறாங்க. உன் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன், வந்துடு."

நெட்டை சாரத்திலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க. உளியை வெச்சுட்டுப் போயிடறேன்."

உத்தரத்தைத் தோளில் வைத்திருந்த இருவரும் அப்படியே நின்றார்கள். அவள் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சூப்பர்வைசர் பக்கத்திலிருந்து அதைப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கவிழ்ந்துகொண்டு இழுத்த கோடுகள் ஒன்றுகூட வளையவில்லை.

"நீ உளியை வெச்சா வேற ஒருத்தன் எடுப்பான். அவன் சுவரையே நொறுக்கிடுவான். நீயே செய்," என்றாள். "பதமா செய்."

உள்ளே போய், தூள் விழும் என்று கட்டிலிலிருந்து மெத்தையை எடுத்துச் சுருட்டினாள்.

மத்தியானம் வரைக்கும் ஒரு ஓட்டைகூட முடியவில்லை. சூப்பர்வைசரின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "என்னப்பா, ஒரு ஓட்டைக்கு அரை நாளா?"

"கல்லு உடையுது சார், சாந்து விடமாட்டேங்குது. இண்டு இடுக்கு விடாம ரொப்பியிருக்காரு. நான் என்ன பண்ணட்டும்?"

பிறகு நெட்டை குரலை உயர்த்திக் கூப்பிட்டான். "அக்கா, உள்ளேதான் இருக்கீங்களா? அடிக்கிற அடியில உங்க பக்கத்துக் கல்லு பிதுங்கிடும் போல இருக்கு. கொஞ்சம் கை கொடுத்துக்கறீங்களா?"

"கொடுத்திருக்கேன். அடி."

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் நுழைந்து, நுனிக்காலில் எக்கி, தாழ்வான கூரைக்குச் சற்றுக் கீழே கரட்டுக் கல்லின் மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றியிருந்தாள். அந்தப் பக்கம் சுத்தியல் விழுந்தது. அதிர்ச்சி முழங்கை வழியாகத் தோள் வரை இறங்கியது. தலையிலும் இமையிலும் சிவப்புத் தூள் படிந்தது. கல் அசையவில்லை. அவள் கையை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, "ம், அடி," என்றாள்.