முந்தி வந்த பதில்

பஸ் டிக்கெட் விற்கும் இணையதளத்தை எந்த கம்ப்யூட்டர் மொழியில் எழுதினால் சீக்கிரம் பதில் வரும் என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். ஒரே பக்கத்தை பிஎச்பியில் ஒருவர், ஜாவாஸ்கிரிப்டில் ஒருவர், பைத்தானில் ஒருவர் எழுத வேண்டும். பிறகு சர்வரில் ஏற்றி, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்பதுபோல் சோதிக்க வேண்டும். பைத்தான் அவள் தலையில் விழுந்தது. மாட்டேன் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. எழுதிக் கொடுத்தாள்.

மூன்று மாதமாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அழுது தீர்த்துவிடுவாள் என்று அம்மாவும் நாத்தனாரும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். அழுகை வரவில்லை, அவர்களும் கிளம்பிப் போனார்கள். அதன்பிறகு யார் என்ன கேட்டாலும், கேட்டு முடிக்கும் முன்பே அவளிடம் பதில் தயாராக இருந்தது. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன். தூங்கினாயா என்றால் தூங்கினேன். பாவம், இரண்டையும் ஒழுங்காகச் செய்து எத்தனை நாளாயிற்றோ.

கணவனுக்கு வேறு ஊரில் இரண்டு வருட வேலை ஒன்று வந்திருந்தது. போகட்டுமா என்று காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். போங்க என்றாள். சொன்ன பிறகுதான் கேள்வியே அவள் காதில் விழுந்தது. மாலைக்குள் அவன் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

மதியம் சோதனை நடந்தது. பைத்தான் மற்ற இரண்டையும் எங்கோ பின்னால் தள்ளிவிட்டது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். அவள் சிரிப்பதுபோல் உதட்டை வைத்துக்கொண்டாள்.

பிஎச்பி எழுதியவரை எல்லோரும் கிழவர் என்பார்கள். வயது நாற்பதுதான், அந்த அறையில் அதுவே மூப்பு. அவருக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. பைத்தான் இவ்வளவு வேகமாக ஓடாதே என்று முனகியபடி நாற்காலியை அவள் மேசைக்கு உருட்டிக்கொண்டு வந்தார். வேகத்தைப் பார்த்தீர்கள், வந்த பக்கத்தை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. அவரே திறந்தார். வெறும் வெள்ளை. ஊர் இல்லை, இருக்கை இல்லை, ஓர் எழுத்துகூட இல்லை.

ஊர், இருக்கை விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை அவள் தப்பாகக் கொடுத்திருந்தாள். அது யாருக்கும் நடப்பதுதான். ஆனால், உள்ளே எது உடைந்தாலும் வெளியே காட்டாமல் எல்லாம் சரி என்றே பதில் அனுப்பும்படியும் எழுதியிருந்தாள். ஆயிரம் பேருக்கும் அந்தப் பதில்தான் போயிருந்தது.

கிழவர் கோபப்படவில்லை. "உள்ள ஒண்ணுமே இல்லம்மா. அதான் இவ்வளவு சீக்கிரம் பதில் வருது," என்றார்.

பாஸ்வேர்டைத் திருத்தி மறுபடி ஓட்டினார்கள். பைத்தான் கடைசியாக வந்தது. இந்தத் தடவை பக்கம் முழுக்க ஊர்களும் இருக்கைகளும் இருந்தன. மேனேஜரின் முகம் தொங்கிப் போயிற்று. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. கணவன்தான். அவள் எழுந்து வெளியே நடைவழிக்குப் போனாள்.

"அவங்க பதில் கேக்குறாங்க. கடைசியா ஒரு தடவை கேக்குறேன். போகட்டுமா?"

போங்க என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள். கை தானாக வயிற்றின் மேல் போயிற்று. மூன்று மாதமாக அவள் அங்கே கை வைத்ததில்லை.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள். "வச்சிடாதீங்க. எனக்குக் கொஞ்சம் நேரமாகும்."

அவன் வைக்கவில்லை.