நிழல் கிடை

1944ஆம் வருடம் பங்குனி மாதம், திருச்சுழிக்கு மேற்கே நல்லமுத்துவின் பருத்திக் காட்டில், மரியசெல்வியின் நிழல் ஒரு புளியமரத்து நிழல் அளவுக்குப் பெருத்துவிட்டது. உச்சிப்பொழுதிலும் அது சுருங்கவில்லை. அவள் வேதக்கோயில் உபதேசியார் ஞானையாவின் மகள். எட்டாவது படித்துவிட்டு, மதுரையில் ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப்போட்டு, பதில் வரும்வரை பருத்தி எடுக்க வந்திருந்தாள். வெயில் தாளாமல் வீறிட்ட குருவம்மாளின் கைப்பிள்ளையை அந்த நிழலில் கிடத்தினார்கள். பிள்ளை உடனே தூங்கிப்போனது. "அசையாம நில்லு தாயி, முழிச்சிக்கிரும்" என்றாள் குருவம்மாள். மரியசெல்வி நின்றாள். முதல் தப்பு அதுதான்.

மறுநாள் ஏழு பிள்ளைகள். மறுவாரம் அடுத்த ஊரிலிருந்தும் வந்தார்கள். எருவுக்காக ஆட்டுக்கிடையை இன்று இவர் காட்டில், நாளை அவர் காட்டில் அமர்த்துவது அந்தப் பக்கத்து வழக்கம். நிழலுக்கும் அப்படியே முறை வைத்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை; கம்பங்கூழ் கொடுத்தார்கள், கருப்பட்டி கொடுத்தார்கள். ஆனால் நிழல் தந்தவளின் தலையில் வெயில்தான் அடித்தது. சித்திரையில் அவளுக்கு வாய்ப்பாடு மறந்தது. அப்புறம் ஜெபம் மறந்தது. வியாழக்கிழமைக்குள் வராவிட்டால் இடமில்லை என்று மதுரையிலிருந்து கடிதம் வந்தபோது, மூன்று முறை படித்தும் அது யாருக்கு வந்ததென்று அவளுக்குப் பிடிபடவில்லை. "ஒனக்குத்தாம்மா" என்றார் ஞானையா. அவள் அன்றைக்கே தகரப்பெட்டியை எடுத்து அடுக்கினாள்.

புதன்கிழமை காலை, பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டுப் போகலாமென்று தகரப்பெட்டியோடு காட்டுக்கு வந்தாள். அவள் குனிந்து கொஞ்சிக்கொண்டிருக்கையில், கிடைக்கு வலை கட்ட அடிப்பது போலவே நல்லமுத்து நிழலின் ஓரம் நெடுக முளை அடித்துவிட்டார். நிமிர்ந்தவளால் கால் எடுக்க முடியவில்லை.

"முளையப் புடுங்குங்க அண்ணாச்சி, பஸ்ஸு போயிரும்."

"பச்சப்பிள்ளைக வெயில்ல கெடக்குமே தாயி. ஒனக்கு மனசு வருமா?" நல்லமுத்து கண் கலங்கித்தான் கேட்டார். இதை எழுதும்போதுகூட நெஞ்சு பதறுகிறது. அந்த மனிதர் நடித்திருந்தால்கூடத் தேவலை.

மரியசெல்விக்கு மனசு வரவில்லைதான். நெடுநேரம் நின்றாள். பிறகு குருவம்மாளின் இடுப்பிலிருந்த பன்னரிவாளை உருவித் தன் காலடியில் நிழலை அறுத்தாள். கோணிச்சாக்கு கிழிகிற சத்தம் கேட்டது. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். அவள் நிழலின் மறுகோடிக்கு நடந்துபோய், தன் தலை விழுந்திருந்த இடத்தை மட்டும் வட்டமாக அறுத்தெடுத்து, சீலையை மடிப்பதுபோல் மடித்துப் பெட்டியில் வைத்தாள். "மிச்சத்த நீங்க வச்சுக்கங்க. இது எனக்கு வேணும்" என்றாள்.  யுத்தகாலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி கேஸில் ஓடிய பஸ் காரியாபட்டியைத் தாண்டுவதற்குள் அவளுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரை திரும்பிவிட்டது.

மதுரையில் அவள் வாத்தியாரம்மா ஆனாள். வெயிலில் நடந்தால் தலையின் நிழல் மட்டும் கூடவே போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் வாரம் பார்ப்பார்கள், பிறகு பார்க்கமாட்டார்கள். இங்கே காட்டில் மிச்ச நிழல் முளைகளோடு கிடந்தது. இனி அதை நகர்த்த வழியில்லை. அதனடியில் பருத்தி முளைக்காததால் நல்லமுத்து அந்த இடத்தைத் தரிசாகவே போட்டுவிட்டார். கோடை விடுமுறைக்கு வந்து திரும்பும்போது மரியசெல்வியும் அதில் சற்று உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள். எழுந்ததும் நல்லமுத்துதான் பஸ் வரைக்கும் பெட்டி தூக்குவார். இன்றும் அங்கே பிள்ளைகள் தூங்குகின்றன. தலை இருந்த வட்டத்தில் மட்டும் வெயில் அடிக்கும். அங்கே யாரும் பிள்ளையைக் கிடத்துவதில்லை.