நூற்றிருபதுக்கு எண்பது

விழா அரங்கில் கடைநிலை ஊழியர் பாலையா ஒரு கோணியை விரித்துப் பிடித்தபடி வரிசையாக வந்தார். நகரி ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களின் செவிலியர் பதினான்கு பேரும் தங்கள் நோட்டுகளை அதில் போட்டுவிட வேண்டும். அன்று முதல் அந்தப் பகுதி காகிதமில்லாத சுகாதார வட்டாரம். மேடையில் அதற்கான கேடயம் காத்திருந்தது. செவிலி தாட்சாயணியும் தன் நோட்டைப் போட்டாள்.

உண்மை அந்த நோட்டில்தான் இருந்தது. ரத்த அழுத்தம் நூற்று நாற்பதைத் தாண்டியதாகப் பதிந்தால், அரசு கொடுத்த டேப் கணினியில் பன்னிரண்டு கேள்விகள் திறக்கும். நடுவில் நெட்வொர்க் போனால் அன்றைய பதிவெல்லாம் அழிந்து, பதிந்தவள் கணக்கில் வேலைக்கே வராதவளாவாள். ஆகவே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் நூற்றிருபதுக்கு எண்பது என்று டேப்பில் பதிந்துவிட்டு, மெய்யான அளவைச் செவிலியர் நோட்டில் எழுதிவந்தார்கள். “கம்ப்யூட்டர் போர்டுல ஆபத்துச் சிவப்பே தெரியக் கூடாதும்மா” என்று வழிகாட்டியவர் வட்டாரச் சுகாதார அதிகாரி ஸ்ரீஹரி.

தாட்சாயணியின் கைபேசி ஒலித்தது. விசைத்தறி ஓட்டும் கிஷோர், திருப்பதியிலிருந்து பேசினான். கர்ப்பிணியான மனைவி ஸ்வர்ணலதாவை அங்கே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னவளே இவள்தான்.

“நர்ஸக்கா, அவளுக்குத் தலை பொளக்குதாம், கண்ணு மங்குதாம். இங்க நூத்தி அறுவது காட்டுது. ஆனா கம்ப்யூட்டர்ல அஞ்சு மாசமா எல்லாம் நார்மலாம். பஸ்ல வந்த அலுப்பு, பெஞ்சுல குந்தும்மான்னு சொல்லிக்கினு கீறாங்க!”

“போனை டாக்டராண்ட குடு.”

தாட்சாயணி எழுந்து சென்று கோணிக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

“இன்னாம்மா பண்ற?” என்றார் ஸ்ரீஹரி.

அவள் தன் நோட்டைப் பிரித்து, கைபேசியில் டாக்டரிடம் அரங்கம் முழுவதும் கேட்கும்படி படித்தாள்: “சார், போன திங்கக்கெழமை நூத்தி அம்பத்தாறுக்கு நூத்தி நாலு. அதுக்கு மின்ன வாரம் நூத்தி நாப்பத்தெட்டு. கால் வீங்கிக் கீது, மூத்திரத்துல புரதம் போவுது. கம்ப்யூட்டர்ல கீறது பொய். போட்டது நான்தான்.”

“பொய்யின்னு நீயே ஒத்துக்கினியா? வேலை போவும், தெரியுமா?” என்றார் ஸ்ரீஹரி.

“கிளி செத்துப்போச்சுன்னு சொன்ன காவக்காரனுக்குக் கசையடி, நல்லா கீதுன்னு எழுதுனவனுக்குப் பரிசுன்னானாம் ஒரு ராஜா. கூண்டைப் போய்ப் பாக்கவே இல்ல அவன். நீங்க அந்தப் பொண்ணு காலைப் பாத்தீங்களா சார்?”

ஸ்ரீஹரி முகம் சிவக்க, ஒரு வெள்ளைத் தாளை இழுத்து விளக்கம் கேட்டு மெமோ எழுதத் தொடங்கினார்.

“அதையும் டேப்புலயே போடுங்க சார். இன்னிலேர்ந்து காகிதம் கூடாதே!”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் பேனா நிற்கவில்லை.

மறுபடி கைபேசி ஒலித்தது. “உள்ள கூட்டிக்கினு போயி ஊசி போட்டுட்டாங்கக்கா. புள்ளையைப் பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லல.” சற்று நிறுத்திவிட்டுக் கிஷோர் கேட்டான்: “ஏன்க்கா பொய் போட்ட? நாங்க உன்னத்தான நம்பினோம்?”

 மெமோவைக் கையெழுத்திட்டு வாங்கி நோட்டுக்குள் செருகினாள். பாலையா கோணியை நீட்டினார். அவள் பார்த்த பார்வையில் அவர் கோணியைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார்.